டேக் டீம் ஆட வேண்டுமா? முதலில் வெளியே நிற்கப் பழகுங்கள்

ரெஸ்லிங்கில் இரண்டு பேர் ஜோடி சேர்ந்து ஆடும் டேக் டீமில் இறங்க வேண்டும் என்று என் அக்கா மகன்கள் இரண்டு பேரும் வந்து கேட்டபோது, ரிங்குக்கு வெளியே நிற்கத்தான் முதலில் பழக்குவேன் என்றேன். பெரியவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏணியில் ஏறிக் குதிக்கிற வீடியோக்களாகப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். இனி வருவது அவர்களுக்குச் சொன்னதுதான். உங்கள் தோட்டத்திலும் இப்படி இரண்டு பேர் இருந்தால் உதவும்.

நான் மல்யுத்தக்காரன் இல்லை. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மாசி மாதம் காமன் கூத்தில் வீரபத்திரன் வேஷம் கட்டுகிறேன். ரெஸ்லிங்கும் எனக்குக் கூத்து மாதிரிதான். மதன் எரியப்போகிறான் என்று தெரிந்துதான் சனம் வந்து உட்காருகிறது, தெரிந்தும் ரதியோடு சேர்ந்து அழுகிறது. ரெஸ்லிங்கிலும் வெல்லப்போவது யார் என்று பேசிவைத்துத்தான் இறங்குகிறார்கள். "அப்போ எல்லாம் பொய்தானே மாமா?" என்று சின்னவன் கேட்டான். மெல்லிய மெத்தை போட்ட பலகையில் முதுகு அடிபட விழுவது பொய் இல்லை என்றேன்.

விதி சுருக்கமானது. ஒரு அணியிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே. மற்றவர் தன் மூலையில், கயிறுகளுக்கு வெளியே, ரிங்கின் விளிம்பில் நிற்க வேண்டும். மூலையில் ஒரு சின்னக் கயிறு கட்டியிருக்கும். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மற்றக் கையை நீட்டலாம். கை தொட்டால் ஆள் மாறலாம், ஆனால் நடுவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். மாறியதும் பழைய ஆள் வெளியேற நடுவர் ஐந்து எண்ணுவார், அவ்வளவுதான் அவகாசம். நடுவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பதை வைத்துத்தான் மிச்சக் கதை எல்லாம்.

கதையும் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகும். தொடக்கத்தில் நல்லவர்களின் கை ஓங்கும். அப்புறம் கெட்டவர்களில் ஒருவன் நடுவரைப் பேச்சில் இழுக்க, மற்றவன் பின்னாலிருந்து ஒன்று போடுவான். அதிலிருந்து நல்லவர்களில் ஒருவன் வெகுநேரம் அடி வாங்குவான். தன் மூலைக்கு ஊர்ந்து போவான், கை எட்ட ஒரு சாண் இருக்கும்போது காலைப் பிடித்து இழுப்பார்கள். ஒருமுறை தொட்டும்விடுவான், ஆனால் நடுவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் செல்லாது என்பார். சனம் கத்தும். கடைசியில் உண்மையாகவே கை தொட்டு, இவ்வளவு நேரமும் வெளியே நின்றவன் உள்ளே பாய்கிற இடத்துக்கு 'ஹாட் டேக்' என்று பெயர்.

அடி வாங்குவதில் ரிக்கி மோர்ட்டன்தான் பெரிய வித்துவான். 1983இல் ரொபர்ட் கிப்சனோடு சேர்ந்து 'ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ்' ஆனார். இன்றைக்கும் டேக் டீமில் அடி வாங்கும் வேடத்தை ரிக்கி மோர்ட்டனின் பெயரைச் சொல்லியே அடையாளம் காட்டுகிறார்கள். எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அவர்களுடைய பழைய மேட்ச் ஒன்றைப் போட்டு, மோர்ட்டனை விட்டுவிட்டுக் கிப்சனை மட்டும் பாருங்கள். பயிற்சியின் முதல் பாடம் அதுதான்.

வெளியே நிற்பவனுக்கு நான் வைத்திருக்கும் வேலைகள் சில உண்டு. கத்திக்கொண்டே இருக்கக் கூடாது. கூட்டாளி விழும்போது ஒரு கணம் அடங்கி, அவன் எழ முயலும்போது விளிம்பில் காலால் தட்டத் தொடங்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. சனத்தின் கை தானாக அந்தத் தாளத்துக்கு வந்துவிடும். தப்பு அடிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கையை எட்டும் அளவுக்கு முழுதாக நீட்டுங்கள், ஆனால் சின்னக் கயிற்றை விடாதீர்கள். அந்தக் கயிறு இழுபட்டு விறைத்து நிற்பது பின்வரிசைக்கும் தெரிய வேண்டும். பொறுக்க முடியாமல் உள்ளே கால் வைக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. நடுவர் உங்களைத் தடுக்க ஓடிவருவார், அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கெட்டவர்களும் சேர்ந்து உங்கள் கூட்டாளியை மொத்துவார்கள். உங்கள் கோபமே அவனுக்கு அடி வாங்கிக் கொடுத்தது என்று சனத்துக்கு விளங்கும். அதை ஒரு மேட்சில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை செய்யலாம். அதற்கு மேல் போனால் உங்களை மூளை இல்லாதவன் என்று நினைப்பார்கள்.

இன்னொரு வேலை சனத்துக்குத் தெரியாதது. உள்ளே இருப்பவனுக்கு உண்மையாகவே அடிபட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மல்யுத்தக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் லேசாக அழுத்தி, நான் சரியாக இருக்கிறேன் என்று தெரிவித்துக்கொள்வார்கள். பதில் அழுத்தம் வரவில்லை என்றால் அங்கேயே ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

இதைப் பழக ரிங் வேண்டாம். லயத்துக்குப் பின்னால் ஒரு கம்பம் நட்டு, இடுப்பளவு உயரத்தில் முழ நீளக் கயிறு கட்டுங்கள். ஒருவன் அதைப் பிடித்து நிற்கட்டும், மற்றவன் கொஞ்சம் தூரத்திலிருந்து ஊர்ந்து வரட்டும். வாரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் சின்னவன்தான் வெளியே நன்றாக நிற்கிறான், அது பெரியவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

விழுவது இரண்டாவது பாடம். பெரட்டுக்களத்துச் சீமெந்தில் ஒருபோதும் வேண்டாம். புல்தரையில் பழைய தும்பு மெத்தை இரண்டைப் போட்டு, மேலே படங்கு விரியுங்கள். குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி வையுங்கள், பின்தலை தரையில் படவே கூடாது. பின்னால் சாயும்போது மூச்சை வெளியே விடுங்கள். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பட வேண்டும், உள்ளங்கைகள் இரண்டும் பக்கவாட்டில் தரையை அறைய வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். இது பிசகாமல் வரும்வரை நின்ற நிலையிலிருந்து விழ வேண்டாம். எங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை புல் காய்ந்திருக்கும். தென்மேல் பருவ மழை பிடித்துவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வெளியில் பழகும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

பிடிகளை இடப்பக்கமாகப் பழகுங்கள். அமெரிக்கப் பாணியில் கழுத்துப்பிடியும் கைமுறுக்கும் இடப்பக்கத்தில்தான். மெக்சிகோக்காரர்கள் வலப்பக்கம் பிடிப்பார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ரிங்கில் சந்தித்தாலும் இடிபடாமல் ஆட முடிவதற்கு இப்படிப்பட்ட பொது வழக்கம்தான் காரணம்.

தூக்கிப் போடுவது பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் கூடாது. ரோட் வாரியர்ஸ் என்ற ஜோடியில் அனிமல் எதிரியைத் தோளில் ஏற்றி வைத்திருக்க, ஹாக் மேல்கயிற்றிலிருந்து பாய்ந்து கையால் அடித்து வீழ்த்துவார். என் மருமகன்கள் முதல் வாரமே கேட்டது அதைத்தான். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

சரி, இதைத் தொழிலாகச் செய்ய எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் இருந்தால் முதலில் அதில் சேருங்கள். அது வேறு விளையாட்டுதான், ஆனாலும் சமநிலையும் கழுத்துப் பலமும் அங்கே கிடைக்கும். 2022 பர்மிங்ஹாம் கொமன்வெல்த் போட்டியில் நெத்மி பொருதொட்டகே இலங்கைக்கு வெண்கலம் வாங்கித் தந்தது அந்த மல்யுத்தத்தில்தான். ரெஸ்லிங் பயிற்சிக்குப் பக்கத்தில் நான் காட்டக்கூடியது பஞ்சாபின் ஜலந்தரில் கிரேட் காளி நடத்தும் பள்ளி. இன்டஸ் ஷேர் என்ற டேக் டீமையும் பாருங்கள். ரிங்கு சிங் முதலில் அமெரிக்காவில் பேஸ்போல் எறியப் போனவர். சௌரவ் குர்ஜார் தொலைக்காட்சி மகாபாரதத்தில் பீமனாக வந்தவர். வேஷம் கட்டியவனுக்கு ரிங்கில் இடம் உண்டு என்று நான் சொன்னால் நம்பாதவர்கள், பீமனைச் சொன்னால் நம்புகிறார்கள். அந்த இருவரையும் 2024இல் டபிள்யூடபிள்யூஈ என்ற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனம் விடுவித்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆயுள் முழுக்க ஒரே கூட்டாளியோடு ஓட்டியவர்கள் குறைவு. மோர்ட்டனும் கிப்சனும் இடையில் பிரிந்தார்கள், எதிரிகளாகவும் ஆடினார்கள், பிறகு சேர்ந்தார்கள். 1985இல் முதலில் வாங்கிய, என்டபிள்யூஏ என்ற அமெரிக்க ரெஸ்லிங் அமைப்பின் டேக் பட்டத்தை, அறுபது வயதைத் தாண்டிய பிறகு 2019இல் திரும்பவும் வாங்கினார்கள். ரொக்கர்ஸ் என்ற ஜோடியின் கதை வேறு மாதிரி. ஷோன் மைக்கேல்ஸ் தன் கூட்டாளி மார்ட்டி ஜனெட்டியைக் கண்ணாடி ஜன்னலுக்குள் வீசிப் பிரிந்த காட்சி 1992 ஜனவரியில் வந்தது. ஒருவர் உச்சிக்குப் போனார். மற்றவரின் பெயர், இரட்டையரில் பின்தங்கிப்போகிறவனைக் குறிக்கும் பேச்சாகிவிட்டது. அண்ணன் தம்பி என்றால் பிரியாது என்றும் சொல்ல முடியாது. இரட்டைப் பிறவிகளான ஊசோக்கள் டபிள்யூடபிள்யூஈயின் ஸ்மாக்டவுன் டேக் பட்டத்தை 622 நாள் வைத்திருந்தவர்கள். அதை 2023இல் இழந்தார்கள், அடுத்த வருடமே ரிங்கில் ஒருவரோடொருவர் மோதினார்கள்.

அதனால் தொடங்கும்போதே மூன்று விஷயத்தைப் பேசி, ஒரு கொப்பியில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வருகிற காசு சரிபாதியா? ஒருவனுக்குக் காயம் என்றால் மற்றவன் தனியாக ஆடலாமா? ஒருவனை மட்டும் யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் முதல் இரண்டும் முடிந்துவிட்டன. மூன்றாவதற்கு அக்கா ஒரு பதில் சொன்னாள், ஆனால் அவள் கையெழுத்துப் போடப்போகிறவள் இல்லை.

உடுப்புக்கு இப்போதே செலவு வேண்டாம். இரண்டு பேரும் ஒரே நிறத்தில் டீசேர்ட் போட்டால் போதும், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு யார் யாரோடு என்று விளங்க வேண்டும், அவ்வளவுதான். அணிக்குப் பெயர் சின்னவன் ஒன்று வைத்திருக்கிறான், பெரியவன் வேறொன்று. இதில் என்னை நடுவராக இருக்கச் சொன்னார்கள். நான் அந்த நேரம் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.