டைல்ஸில் விழுந்தது கீறலே இல்லை

வாடகை வீட்டைக் காலி செய்யப் பத்து நாள் இருக்கும்போதுதான் கவனித்தேன்: சாப்பாட்டு மேசைக்கடியில், பளபளப்பான டைல்ஸ் முழுக்கச் சாம்பல் நிறக் கோடுகள். முன்பணத்தில் கை வைப்பார்களே என்று வயிற்றைக் கலக்கியது.

சோப்புத் தண்ணீர், சமையல் சோடா, எதற்கும் அசையவில்லை. கீறலை அடைக்கும் மெழுகைத் தேய்த்தேன். அழுக்கு ஒட்டி இன்னும் கறுத்ததுதான் மிச்சம். அதைச் சுரண்டவே ஒரு நாள் போனது.

அப்போதுதான் நகத்தைக் கோடுகளின் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு கோட்டைத் தவிர வேறெங்கும் இடறவில்லை. பள்ளமே இல்லையென்றால் கீறல் எப்படி? நாற்காலியைக் கவிழ்த்தால், ரப்பர் மூடி தேய்ந்து இரும்புக் குழாய் எட்டிப் பார்க்கிறது. டைல்ஸின் மேல்பூச்சு இரும்பைவிடக் கடினம். தேய்ந்தது தரையல்ல, நாற்காலிக் கால். பென்சில் காகிதத்தில் எழுதுகிற மாதிரி.

ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பாத்திரப் பவுடரைக் கையுறையோடு குழைத்துப் பூசி, ஒரு நிமிடம் விட்டு, ஈரத்துணியால் தேய்த்தேன். போயே போச்சு! இரண்டு முறை அலசினேன். (மார்பிள் தரையில் இதைச் செய்யாதீர்கள், அமிலம் அரித்துவிடும்.) நகம் இடறிய ஒரே ஒரு கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. அது நிஜக் கீறல்.