குட்டிப் பசங்களோட லீவ்ல காசில்லாம எங்க போறது, எப்படிப் போறது

லீவு விட்டு நாலாவது நாளே "அம்மா போரடிக்குது"ன்னு ஆரம்பிச்சிடும். உடனே டிக்கெட் எடுத்து எங்கயாவது தூரமா கூட்டிட்டுப் போகணும்னு நமக்கும் தோணும். ஆனா ரெண்டுல இருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு இடம் பெருசா இருக்கணும்னு அவசியமே இல்லங்க, நடந்து போற தூரத்துல ஒரு இடம், அங்க பாக்க ஒரே ஒரு விஷயம், "சீக்கிரம் வா, சீக்கிரம் வா"ன்னு இழுக்காத ஒரு பெரியவங்க கூட இருந்தா போதும். ரெண்டு பசங்கள வச்சுகிட்டு மூணு லீவு நான் இப்படித்தான் ஓட்டினேன், எனக்கு ஒத்து வந்தத சொல்றேன்.

மொதல்ல நேரம். காலைல எவ்ளோ சீக்கிரம் கிளம்ப முடியுமோ கிளம்பிடுங்க, பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிடணும், இல்லனா சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க. கடிகாரம் பாக்க முடியலனா நிழலப் பாருங்க, உங்க நிழல் உங்க உயரத்த விட குட்டையா விழுதுன்னா புற ஊதாக் கதிர் பலமா இருக்கிற நேரம்னு அர்த்தம், மரத்தடிக்குப் போயிடணும். பசங்க உடம்பு நம்மள விட வேகமா சூடாகும், விளையாட்டு மும்முரத்துல தாகம்னு கேக்கவும் மாட்டாங்க, அதனால நாமதான் அடிக்கடி ஒரு வாய் தண்ணி குடுத்துகிட்டே இருக்கணும். ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற கைக்குழந்தைய நேர் வெயில்ல காட்டவே வேணாம்.

பார்க் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சறுக்குமரத்துல ஏத்துறதுக்கு முன்னாடி நம்ம கைய வச்சு சூடு பாத்துடுங்க, பிளாஸ்டிக்கா இருந்தாலும் வெயில்ல கொதிக்கும். ஆனா என் பசங்க பார்க்ல ரொம்ப நேரம் இருந்தது சறுக்குமரத்துல இல்ல, பென்ச் பக்கத்துல போன ஒரு எறும்பு வரிசைகிட்டதான். எறும்பு போற வழியில ஒரு வாசனைய விட்டுட்டே போகும், பின்னாடி வர்றது அத மோப்பம் புடிச்சுட்டே வரும். வரிசைக்குக் குறுக்க தரைய ஈர விரலால ஒரு தடவ தேய்ச்சு விட்டோம். வந்த எறும்பெல்லாம் அந்த இடத்துல அப்படியே நின்னுடுச்சு, மீசைய ஆட்டிகிட்டு அங்கயும் இங்கயும் அலையுது, என் பொண்ணு முகமே மாறிடுச்சு, "அம்மா அதுங்களுக்கு வீட்டுக்கு வழி தெரியல"ன்னு. கொஞ்ச நேரத்துல ஒண்ணு மட்டும் தட்டுத்தடுமாறி கடந்துச்சு, அப்புறம் இன்னொண்ணு, மெல்ல மெல்ல வரிசை பழையபடி சேந்துடுச்சு. அதுக்கப்புறம் தம்பிய அந்தப் பக்கம் விரல் வைக்கவே விடல அவ. முக்கா மணி நேரம் போனதே தெரியல. (கடிக்கிற எறும்பா இருந்தா கொஞ்சம் தள்ளி உக்காந்து பாருங்க.)

ஒரு சாக்பீஸும் கையில எடுத்துக்கோங்க. காலைல சிமெண்ட் தரையில புள்ளைய நிக்க வச்சு காலச் சுத்தியும் நிழலச் சுத்தியும் கோடு போடுங்க, சாயங்காலம் அதே இடத்துல அதே மாதிரி நிக்கச் சொல்லுங்க. நிழல் எதிர்ப்பக்கம் விழும். "நான் இங்கயேதானே நிக்குறேன், நிழல் ஏன் அங்க போச்சு"ன்னு அவங்களே கேப்பாங்க, பதில உடனே சொல்லிடாதீங்க, சூரியன் எங்க இருந்துச்சுன்னு திருப்பிக் கேளுங்க.

உச்சி வெயில் நேரத்துக்கு நூலகம். பொது நூலகத்துல பெரும்பாலும் சின்னப் பசங்களுக்குன்னு ஒரு மூலையாவது இருக்கும், லீவ்ல கதை சொல்ற நிகழ்ச்சி இருக்கான்னு உள்ள போனதும் கேட்டுடுங்க. புத்தகத்த அவங்களே எடுக்கட்டும், போன வாரம் படிச்சதையே மறுபடி தூக்கிட்டு வந்தாலும் படிச்சுக் காட்டுங்க.

மியூசியத்துக்கு மே 18 நல்ல நாள். 1977-ல இருந்து அத சர்வதேச அருங்காட்சியக தினமா கொண்டாடுறாங்க, அன்னிக்கு நிறைய இடத்துல இலவசமா விடுவாங்க. வாரத்துலயோ மாசத்துலயோ ஒரு நாள் இலவசம்னு வச்சிருக்கிற மியூசியமும் உண்டு, ஃபோன் போட்டுக் கேளுங்க. முழுசா சுத்திக் காட்டணும்னு மட்டும் நெனைக்காதீங்க, ஒரே ரூம், "இங்க எத்தன மிருகம் ஒளிஞ்சிருக்கு கண்டுபிடி"ன்னு ஒரே விளையாட்டு, அவ்ளோதான்.

ரயில் போறத தள்ளி நின்னு பாக்குறது, வேலிக்கு வெளிய நின்னு ஜேசிபி மண்ணு அள்றத பாக்குறது, இதெல்லாம் கூட ஒரு சாயங்காலத்துக்குத் தாராளமா போதும்.

கடல், ஆறு, ஏரின்னு தண்ணி இருக்கிற இடத்துக்குப் போனா மட்டும் தயவுசெஞ்சு ஃபோன பைக்குள்ள வச்சிடுங்க. மூழ்குற புள்ள கத்தும், கைய காலை அடிக்கும்னு நாம நெனைக்கிறோம், பெரும்பாலும் சத்தமே வராது. கை நீட்டினா புடிக்கிற தூரத்துலயே நில்லுங்க. நாலு குடும்பமா போனா "இந்த கால் மணி நேரம் நான் பாக்குறேன்"னு ஒருத்தர் வாய் விட்டுச் சொல்லணும், இல்லனா அவங்க பாப்பாங்கன்னு இவங்களும் இவங்க பாப்பாங்கன்னு அவங்களும் இருந்துடுவாங்க. அதே மாதிரி நிறுத்தி வச்ச கார்ல புள்ளைய ரெண்டு நிமிஷம்கூட விட்டுட்டுப் போகாதீங்க, பத்தே நிமிஷத்துல உள்ள சூடு பத்து டிகிரி கிட்ட ஏறிடும், கண்ணாடிய கொஞ்சம் இறக்கி விட்டாலும் பெருசா குறையாது.

பையில தண்ணி, தொப்பி, மாத்து டிரஸ், ஈரத்துணி, அப்புறம் அவங்க பொறுக்குற கல்லு இலைக்கு ஒரு காலி கவர்.

கிளம்பும்போது வர்ற அழுகைக்கும் ஒரு வழி இருக்கு. "அஞ்சு நிமிஷத்துல போலாம்"னு சொன்னா மூணு வயசுக்குப் புரியாது. "இன்னும் ரெண்டு தடவ சறுக்கு, அப்புறம் செருப்பு போட்டுக்கலாம்"னு சொல்லுங்க, அந்த ரெண்டையும் கூடவே நின்னு எண்ணுங்க, ரெண்டாவது முடிஞ்சதும் செருப்ப கையில குடுங்க.