யுஎஸ்பி சிந்தசைசரில் 'கீ' சத்தம்: கிரவுண்ட் லூப்பைத் தேடிப் பிடிப்பது எப்படி

என்னிடம் உள்ளங்கை அளவில் ஒரு சிந்தசைசர் இருக்கிறது. மின்சாரம், மிடி (எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் போன்ற இசைத் தகவல்) இரண்டுமே லேப்டாப்பின் யுஎஸ்பி வழியாகத்தான். ஹெட்போனில் கேட்டால் சுத்தமாக இருக்கும். பவர்டு ஸ்பீக்கரில் (உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ளது) செருகினால் போதும், வாசிக்காதபோதும் மெல்லிய 'கீ' சத்தம் வரும். மவுஸை நகர்த்தினால் அதுவும் சேர்ந்து நெளியும்.

ஹெட்போனில் இல்லாதது ஸ்பீக்கரில் கேட்டால் கிரவுண்ட் லூப் என்று சந்தேகப்படலாம். அதாவது, கருவிகளின் கிரவுண்ட் (மின்சுற்றின் பொதுவான திரும்பும் வழி) ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் இணைந்து வளையமாகிவிடுவது. ஹெட்போனுக்கு எர்த் கிடையாது, ஸ்பீக்கருக்கு உண்டு. லேப்டாப்பின் கிரவுண்ட் யுஎஸ்பி கேபிள் வழியாகவும் சிந்தசைசருக்குப் போகிறது. சார்ஜரின் எர்த், ஸ்பீக்கரின் எர்த், ஆடியோ கேபிளின் ஷீல்டு (கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) என்று சுற்றியும் வந்து சேர்கிறது. சாதாரண இரண்டு கம்பி ஆடியோ கேபிளில் ஷீல்டும் சிக்னலின் பாதிதான். அதில் ஓடும் வேண்டாத கரண்ட் அப்படியே சத்தமாகிவிடுகிறது.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்றால் வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். கூர்மையான 'கீ' என்றால் கம்ப்யூட்டர். யுஎஸ்பி தகவலைச் சீரான இடைவெளியில் ஃபிரேம்களாகப் பிரித்து அனுப்புகிறது. ஃபுல் ஸ்பீடு என்றால் நொடிக்கு 1,000 ஃபிரேம், ஹை ஸ்பீடு என்றால் 8,000 மைக்ரோஃபிரேம். இரண்டுமே காதுக்கு எட்டும் சுருதி.

அடுத்து சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் லூப் அந்த வழியாகத்தான். எனக்கு நிற்கவில்லை. ஒரு மணி நேரம் கேபிள்களை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் எச்டிஎம்ஐயில் மானிட்டர் செருகியிருப்பது கண்ணில் பட்டது. அந்தக் கேபிளிலும் கிரவுண்ட் உண்டு. அதைக் கழற்றியதும் அமைதி. ஆகவே இந்தச் சோதனையின்போது லேப்டாப்பில் யுஎஸ்பி தவிர வேறு எதுவும் செருகியிருக்கக் கூடாது.

அப்புறம் கருவியை பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள் (பவர் பேங்க் அப்போது சார்ஜில் இருக்கக் கூடாது). சத்தம் இல்லையென்றால் கருவியில் கோளாறு இல்லை.

சரி, தீர்வு. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்கி ஏமாறாதீர்கள், அது கிரவுண்டைப் பிரிப்பதில்லை. கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையம் ரேடியோ அலைவரிசைக்குத்தான் உதவும். ஸ்பீக்கரின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். சத்தம் போகலாம், ஆனால் உள்ளே பழுதானால் ஷாக்கிலிருந்து காப்பாற்றுவது அந்தப் பின்தான்.

கருவியில் பேலன்ஸ்டு அவுட்புட் (சிக்னலுக்கு இரண்டு தனிக் கம்பிகள், ஷீல்டு தனி) இருந்தால் அதுதான் முதல் வழி. இல்லையென்றால் ஆடியோ கேபிளின் நடுவே 1:1 டிரான்ஸ்ஃபார்மர் ஐசோலேட்டர் வைக்கலாம். கம்பித் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் அது கடத்தும். ரொம்பச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் என்றால் பேஸ் மெலிந்துவிடும், சத்தம் கூடினால் கரகரக்கும்.

எனக்கு ஒத்துவந்தது யுஎஸ்பி ஐசோலேட்டர், அதாவது யுஎஸ்பி தகவலைக் கடத்தியபடியே கிரவுண்டைப் பிரிக்கும் பெட்டி. ஏடியூஎம்4160 சிப் உள்ளவை அதிகபட்சம் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில்தான் ஓடும். மிடிக்கு அது தாராளம். ஹை ஸ்பீடு ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் போதாது. இன்னொன்று, பல ஐசோலேட்டர்களில் கருவிக்கு மின்சாரம் தரும் 1 வாட் கன்வர்ட்டர் 5 வோல்ட்டில் 200 மில்லியாம்ப்தான் தரும். கருவிக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சார்ஜரும் மானிட்டரும் செருகியபடியே இப்போது வாசிக்கிறேன். வால்யூமை முழுக்க ஏற்றினாலும் ஸ்பீக்கரின் சொந்த 'ஸ்ஸ்' மட்டும்தான் கேட்கிறது.