ரிமோட் ஆயில் ஃபில்டர் பொருத்தும்போது செய்யக் கூடாத தவறுகள்

பிக்கப் வண்டிகள் பலவற்றில் ஆயில் ஃபில்டர் இருக்கும் இடத்தைப் பார்த்தால், அதைக் கழற்றி மாட்டப்போகிறவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்றே தோன்றும். முன் அச்சுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவே கையை நுழைத்து, சூடான ஆயில் முழங்கை வரை வழிவதைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்தவர்களுக்கு, ஃபில்டரைக் கை எட்டும் இடத்துக்கு மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. அப்படி மாற்றி வைப்பதுதான் ரிமோட் ஃபில்டர். வேலையும் பார்வைக்கு எளியதுதான்: ஃபில்டர் இருந்த இடத்தில் ஓர் அடாப்டர், சேசிஸில் ஃபில்டரைத் தாங்கும் ஹெட், இரண்டையும் இணைக்க இரண்டு ஹோஸ்கள். அண்மையில் இந்த வேலையைப் புதிதாகச் செய்த சிலரின் வண்டிகளைப் பார்த்தபோது, தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளை அவற்றிலும் கண்டேன். பழைய கேஸ்கட்டை எடுக்காமல் அடாப்டரைப் பூட்டுவது போன்ற, எல்லாருக்கும் தெரிந்த பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டு ஹோஸ்களையும் இடம் மாற்றிப் பூட்டுதல்

இந்தத் தவறுக்கு நான் ஓர் இன்ஜினையே பறிகொடுத்தேன். இன்றும் யாராவது இரண்டு ஹோஸ்களையும் கையில் வைத்துக்கொண்டு, எதை எங்கே மாட்டினாலும் ஒன்றுதான் என்பது போலப் பூட்டத் தொடங்கினால் எனக்குப் பொறுப்பதில்லை.

திருகிப் பூட்டும் ஃபில்டரின் அடிப்பகுதியில், வட்டமாகச் சில சிறு துளைகளும், நடுவே மரையுள்ள ஒரு பெரிய துளையும் இருக்கும். பம்பிலிருந்து வரும் அழுக்கு ஆயில் ஓரத் துளைகள் வழியாக உள்ளே சென்று, மடிப்புத் தாளின் வெளிப்புறத்திலிருந்து உட்புறத்துக்குக் கடந்து, நடுத்துளை வழியாக வெளியேறி பேரிங்குகளுக்குப் போகும். இன்ஜின் நின்றபின் ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் இருப்பதற்காக, பெரும்பாலான ஃபில்டர்களில் ஓரத் துளைகளை உள்ளிருந்து மூடிக்கொள்ளும் ஒரு ரப்பர் மடல் வைத்திருப்பார்கள். ஹோஸ்கள் இடம் மாறினால் ஆயில் நடுத்துளை வழியாக நுழைந்து, தாளை உள்ளிருந்து வெளியே தள்ளி, அந்த மடலின் முதுகில் போய் மோதும். மோத மோத மடல் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். ஃபில்டர் அடைத்தால் ஆயிலை வடிகட்டாமலே கடத்திவிடுவதற்காக அதற்குள் இருக்கும் பைபாஸ் வால்வும் எதிர்த்திசையில் திறக்காது. ஆகவே பேரிங்குகளுக்குக் கசிவாகச் சில சொட்டுகள் போனால் உண்டு, அவ்வளவுதான்.

நான் செய்தது இதுதான்: அடாப்டரில் ‘இன்’, ‘அவுட்’ என்று பொறித்திருந்தது, ஃபில்டர் ஹெட்டிலும் அவ்வாறே பொறித்திருந்தது. நான் ‘இன்’னை ‘இன்’னோடும் ‘அவுட்’டை ‘அவுட்’டோடும் சேர்த்தேன். அடாப்டரின் ‘அவுட்’ என்பது இன்ஜினிலிருந்து வெளியே வரும் ஆயில் என்றும், அது ஹெட்டின் ‘இன்’னுக்குப் போக வேண்டும் என்றும் யோசிக்கவில்லை. இன்ஜினை ஓட விட்டேன். பிரஷர் மீட்டரின் முள் உடனே மேலே ஏறி அசையாமல் நின்றதைப் பார்த்து நிம்மதி அடைந்தேன். அந்த இன்ஜினில் பிரஷர் சென்சார் ஃபில்டருக்கு முன்னால், பம்பின் பக்கத்தில் இருந்தது. போக வழியில்லாமல் அடைபட்ட ஆயிலின் அழுத்தத்தை அது காட்டியதே தவிர, பேரிங்குகளின் நிலையைக் காட்டவில்லை. சில நிமிடங்களில் இன்ஜினின் மேலே, வால்வுகளை இயக்கும் டாப்பெட்டின் சத்தம் கேட்டது. காற்று அடைத்திருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஓட விட்டேன். அதன்பின் அடியிலிருந்து கனமான தட்டும் சத்தம் வந்து, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றியபோது கனெக்டிங் ராடு பேரிங்குகள் நீலம் பாய்ந்து, ஓடு விலகிக் கிடந்தன. ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். மடிப்புத் தாள் வெளிப்புறமாக உப்பி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ரப்பர் மடலில் ஓரத் துளைகளின் வட்டங்கள் அச்சுக் குத்தியது போல் பதிந்திருந்தன.

ஓட விட்ட சில நிமிடங்களில் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்திருந்தால், ஒன்று சூடேறுவதும் மற்றொன்று குளிர்ந்தே இருப்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்துக்குள் பேரிங் கெட்டிருக்கும் என்பதால், இதைச் சோதனை முறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

எழுத்துகளை நம்பாமல் துளைகளை நம்புங்கள். அடாப்டரைக் கையில் வைத்து, அதன் ஒவ்வொரு வாயிலும் வாயால் ஊதி, எந்த வாய் நடுத்துளையோடு இணைகிறது, எது ஓர வளையத்தோடு இணைகிறது என்று கண்டுகொள்ளுங்கள். ஹெட்டிலும் அப்படியே செய்யுங்கள். நடுவை நடுவோடும் ஓரத்தை ஓரத்தோடும் சேர்க்க வேண்டும். நடுவோடு இணையும் ஹோஸின் இரு முனைகளிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இதன்பிறகும் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பி வரும் ஹோஸை (நடுவோடு இணைவதை) அடாப்டர் பக்கம் மட்டும் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, பெட்ரோல் இன்ஜின் என்றால் இக்னிஷனையும் ஃபியூயல் பம்பையும், டீசல் என்றால் எரிபொருள் வரத்தையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிகளாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சுழற்றுங்கள். ஃபில்டர் நிறைந்ததும் அந்த ஹோஸ் வழியே ஆயில் தாராளமாகக் கொட்ட வேண்டும். கொட்டாத வரை இன்ஜினை ஓட விடாதீர்கள்.

திரும்பும் ஹோஸில் குப்பையை விட்டுவிடுதல்

ஹோஸை வெட்டும்போது ரப்பர்த் துகளும் கம்பிப் பின்னலின் பிசிறும் உள்ளே விழும். போகும் ஹோஸில் விழுந்ததை ஃபில்டர் பிடித்துவிடும். திரும்பும் ஹோஸில் விழுந்ததைப் பிடிக்க அதற்குப் பின் எதுவும் இல்லை, அது நேரே பேரிங்குக்குத்தான் போகும். ஃபிட்டிங்கைப் போடுவதற்கு முன்பும் போட்ட பின்பும் கரைப்பானை ஊற்றிக் கழுவி, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள்.

டெஃப்லான் டேப்

கசிவைத் தடுக்க மரையில் இதைச் சுற்ற வேண்டாம், பிய்ந்த ஒரு துண்டு போதும் ஆயில் வழியை அடைக்க.

ஏமாற்றும் மரைகள்

குழாய் இணைப்புகளுக்கான அமெரிக்க என்பிடி (NPT) மரையும் பிரிட்டிஷ் பிஎஸ்பி (BSP) மரையும் அரை அங்குல அளவிலும் முக்கால் அங்குல அளவிலும் அங்குலத்துக்கு 14 புரிகளே கொண்டவை. அதனால் ஒன்றுக்குள் ஒன்று சில சுற்றுகள் இணங்கித் திருகும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றொன்றில் 55 பாகை; எவ்வளவு இறுக்கினாலும் கசியும். கசிவை நிறுத்த மேலும் இறுக்கினால் அலுமினிய ஹெட் விரிசல் விடும்.

ரேடியேட்டர் ஹோஸ்

கூலன்ட்டுக்கான ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிவிடும். அதைத் திருகு கிளிப் போட்டு இறுக்குவது அதைவிடப் பெரிய தவறு.

இன்ஜின் அசையும் என்பதை மறத்தல்

இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஹெட் சேசிஸில் இருக்கிறது. பாரம் ஏற்றி மேட்டில் இழுக்கும்போது இன்ஜின் ஒரு பக்கமாக நன்றாகவே சாயும். அளவெடுத்து விறைப்பாக வெட்டிய ஹோஸ் அப்போது ஃபிட்டிங்கை இழுக்கும். தாராளமாக ஒரு வளைவு விடுங்கள். ஆனால் அந்த வளைவு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையோ ஸ்டீயரிங் ஷாஃப்ட்டையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகட்டின் விளிம்பைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையமும், கிளாம்பும் வேண்டும். எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ் உறுதியானது என்று நம்பி உரச விட்டால், அது அரம் போலத் தகட்டையும் அறுக்கும், தானும் அறுந்துபோகும். ஓட்டத்தில் ஹோஸ் அறுந்தால், ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் சம்ப் காலியாகிவிடும்.

பைபாஸ் வால்வைக் கவனிக்காமல் விடுதல்

சில இன்ஜின்களில் பைபாஸ் வால்வு ஃபில்டருக்குள் இருக்கும், சிலவற்றில் இன்ஜின் பிளாக்கிலேயே இருக்கும். முதல் வகைக்கு, பைபாஸ் இல்லாத ஒரு ஃபில்டரைப் பெரிதாக இருக்கிறதே என்று மாட்டினால், ஃபில்டர் அடைத்த நாளில் ஆயிலுக்கு வேறு வழி இருக்காது. இரண்டாம் வகையில் ஆபத்து வேறு விதமானது. குறுகலான, நீளமான ஹோஸ்களின் எதிர்ப்பும் சேர்ந்து பிளாக்கிலுள்ள வால்வை எளிதில் திறக்கச் செய்யும். ஆயில் ரிமோட் ஃபில்டருக்கு வராமல் குறுக்கு வழியில் சுற்றிக்கொண்டிருக்கும். அரை அங்குல உள்விட்டத்துக்குக் குறையாத ஹோஸைக் குறைந்த நீளத்தில் போடுங்கள். உங்கள் இன்ஜினுக்கு எந்த வகை ஃபில்டர் என்பதை அதன் சர்வீஸ் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய அளவிலேயே ஆயில் ஊற்றுதல்

அரை அங்குல ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 127 மில்லி ஆயிலைப் பிடித்துக்கொள்ளும். பெரிய ஃபில்டர் என்றால் அதற்குத் தனியாக வேண்டும். ஓட்டி நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து, ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றுங்கள். முதல் முறை இன்ஜின் நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு, எல்லா ஃபிட்டிங்குகளையும் இரண்டு ஸ்பேனர்கள் கொண்டு மறுபடி பாருங்கள். ஒரே ஸ்பேனரால் ஹோஸை இறுக்கினால் அடாப்டரும் சேர்ந்து திரும்பி, அதன் கேஸ்கட் தளர்ந்துவிடும்.