கிரிஸ்டல் ஆஸிலேட்டர்: அலை வளர்ந்து எங்கே நிற்கிறது?

நேரியல் கணக்கு (உள்ளீடு எவ்வளவு பெருகினாலும் வெளியீடும் அதே விகிதத்தில் பெருகும் என்று வைத்துப் போடும் கணக்கு), தானாகவே அலை எழுப்பும் சுற்றான ஆஸிலேட்டர் கிளம்புமா கிளம்பாதா என்று மட்டும்தான் சொல்லும். அதன்படி போனால் அலை முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வளர்ச்சியை நிறுத்துவது ஆம்ப்ளிஃபையரின் வளைவு, அதாவது பெரிய அலைக்கு அதன் பெருக்கம் குறைவது. அதை எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் போட்டுப் பார்ப்போம்.

படி 1: கிரிஸ்டல். 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு 12.67 மில்லி ஹென்றி இண்டக்டர், 0.02 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர், 20 ஓம் ரெசிஸ்டர் மூன்றும் தொடராக. இவற்றுக்கு இணையாக 5 பிக்கோ ஃபாரட். க்யூ (இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) ஏறக்குறைய 40,000.

படி 2: பியர்ஸ் சுற்று என்ற ஆஸிலேட்டர் அமைப்பு. கிரிஸ்டலின் ஒரு முனை ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு, மறுமுனை வெளியீடு. இரு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிக்கோ ஃபாரட், குறுக்கே 1 மெகாஓம்.

படி 3: வளைவு. டிரான்சிஸ்டர் வேண்டாம், ‘பிஐ’ என்ற சமன்பாட்டுக் கரண்ட் சோர்ஸை வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போடுங்கள். கரண்ட் = 0.1 மில்லி ஆம்பியர் × டான்எச்(20 × உள்ளீட்டு வோல்டேஜ்). சின்ன அலைக்கு இது வோல்ட்டுக்கு 2 மில்லி ஆம்பியர் தரும். டான்எச் என்பது முதலில் நேராக ஏறி, பிறகு படுத்துவிடும் கணிதச் சார்பு; அதனால் உள்ளீடு 50 மில்லி வோல்ட்டைத் தாண்டத் தாண்ட கரண்ட் மேலே ஏறாமல் மட்டமாகிவிடும். நேரியலற்ற பகுதி மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

படி 4: ஒரு தட்டு. நிஜச் சுற்றை இரைச்சல் கிளப்பிவிடும். சிமுலேட்டரில் அது இல்லை, பூஜ்யத்திலேயே உட்கார்ந்திருக்கும். இண்டக்டருக்கு 1 மைக்ரோ ஆம்பியர் தொடக்க கரண்ட் கொடுங்கள்.

படி 5: ஓட்டுங்கள். 5 மில்லி செகண்ட், அதிகபட்ச ஸ்டெப் (சிமுலேட்டர் ஒவ்வொரு முறையும் தாண்டும் நேரம்) 2 நானோ செகண்ட். 25 லட்சம் ஸ்டெப். டீ போட்டுவிட்டு வரலாம். முதல் கால் மில்லி செகண்டில் அலை அடுக்கடுக்காகப் பெருகும். அப்புறம் வேகம் குறைந்து, மெதுவாக 1.5 வோல்ட் உச்சத்தை நெருங்கும். வளர்ச்சி மடங்கும் அந்த முழங்கைதான் நாம் தேடியது.

ஒரு பொறி. சிமுலேட்டர் ஒரு ஸ்டெப்பிலிருந்து அடுத்ததைக் கணக்கிடும் இன்டக்ரேஷன் முறை ‘டிராப்’ ஆக இருக்கட்டும். ஒருமுறை ‘கியர்’ என்ற இன்னொரு முறையை வைத்துவிட்டு, அலை செத்துச் செத்துப் போக, ஒரு மாலை முழுக்கச் சுற்றையே சந்தேகப்பட்டேன். இந்த ஸ்டெப்பில் கியர் சேர்க்கும் தணிப்பு, கிரிஸ்டலின் சொந்த இழப்பைப்போல் சுமார் 40 மடங்கு!

சரி, டிராப் சுத்தமா? வீச்சைக் கெடுக்காது, அதிர்வெண்ணைக் கெடுக்கும். 2 நானோ செகண்டில் சுமார் 13 கிலோஹெர்ட்ஸ் குறைத்துக் காட்டும். ஸ்டெப்பை 0.2 ஆக்கினால் பிழை நூறில் ஒரு பங்காகும்.

கடைசியாக இண்டக்டர் கரண்டைப் பாருங்கள். உச்சம் சுமார் 3 மில்லி ஆம்பியர், அதாவது கிரிஸ்டலில் 90 மைக்ரோவாட். டேட்டாஷீட்டில் வரம்பு 100 என்றிருந்தால் இது விளிம்பு. படி 3-இல் உள்ள 0.1-ஐ 0.05 ஆகவும் 20-ஐ 40 ஆகவும் மாற்றி ஓட்டுங்கள்: கிளம்பும் வேகம் அப்படியே இருக்கும், பவர் கால்வாசியாகும்.