மலையகத்து வீட்டுக்கு வேலியும் பலகை இஸ்தோப்பும்: முதல் தடவை கட்டுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு வேலியில் ஒரு கம்பம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. நிமிர்த்தலாம் என்று கையை வைத்தேன், படக்கென்று தரையோடு முறிந்து கையோடு வந்துவிட்டது. மேலே நாலடி இரும்பு மாதிரி இருக்கிறது. மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதியும் பெரிதாகக் கெடவில்லை. மண்ணும் காற்றும் சேரும் அந்த ஒரு சாண் மட்டும் தேத்தண்ணியில் ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. நட்டு மூன்று வருடம்தான். நட்டதும் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

நீர்கொழும்பில் இருக்கும் மச்சான் ஒருவர் தன் வீட்டில் செய்தபடியே செய்யச் சொல்லியிருந்தார், நானும் செய்தேன். அவருக்குப் பகை உப்புக் காற்று. அங்கே சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடித்து விடும், அதனால் 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கில் திருகாணி வாங்குகிறார்கள். நமக்கு உப்பு இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அங்கேயும் சுற்று வட்டாரத்திலும் மூடுபனி இறங்கினால் நாள் கணக்கில் வெயில் முகம் தெரியாது, நனைந்த பலகை காய நேரமே கிடைக்காது. மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தங்கினால் பூஞ்சணம் பிடித்து உக்க ஆரம்பிக்கும். ஆணிக்கு அவர் செலவழிக்கும் காசை நாம் தண்ணீர் வடிகிற வழிக்குச் செலவழிக்க வேண்டும். வேலிக்கும் இஸ்தோப்புக்கும், அதாவது வாசல் முன்னால் போடும் தளத்துக்கும், கீழே சொல்லும் எல்லா வேலையும் இதை வைத்துத்தான்.

எப்போது, எங்கே

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் தோண்டிய குழியில் தவளைதான் இருக்கும். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்குக் கணக்கு நேர்மாறு, ஜூன் முதல் ஓகஸ்ட் வரைதான் மழை குறைந்த காய்ந்த காலம்.

நூல் பிடிப்பதற்கு முன்னால் எல்லைக்கல்லைத் தேடுங்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். ரோட்டோரமாக இருந்தால் பிரதேச சபையிலும் விசாரிக்க வேண்டும். கம்பம், குழி, கொங்கிரீட் மூன்றும் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். அரை அடி மண்ணுக்காகப் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

என்ன மரம்

நம் ஊரில் சவுக்கு என்றால் தேயிலைக்கு நிழல் தரும் மரம். கடற்கரைச் சவுக்கு வேறு, குழம்பிவிடாதீர்கள். நம் சவுக்குப் பலகை பார்க்க அழகு, கூரைக்கு உள்ளே நன்றாகவே இருக்கும். மண்ணில் நட்டால் தாங்காது. டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் வைரம் பாய்ந்திருந்தால், அதாவது நடுக்கட்டை நன்றாக முற்றியிருந்தால், பரவாயில்லை. கை தடிமனில் வெட்டி விற்கும் இளங்கம்பத்தில் வைரத்தைச் சுற்றியுள்ள முற்றாத வெள்ளை மரம்தான் அதிகம். நான் ஏமாந்தது அதில்தான். பைன் மரம் மருந்தேற்றாமல் வேண்டவே வேண்டாம். பலா வைரம் பிரமாதம், ஆனால் பலா மரம் தறிக்க 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். வளவில் நின்றாலும் அப்படித்தான். அறுத்த பலகையாக வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

என்னைக் கேட்டால் வேலிக்கு நெட்டுக்கு நிற்கும் தூண் கொங்கிரீட்டாக இருக்கட்டும், மரத்தைக் குறுக்குச் சட்டத்துக்கும் இஸ்தோப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மரக்கம்பம்தான் கைக்கு எட்டுகிறது என்றால் அதற்கும் வழி சொல்கிறேன்.

வேலி

ஏழு பேர்ச் காணி (ஒரு பேர்ச் 272¼ சதுர அடி) சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 43¾ அடி, சுற்றளவு 175 அடி. ஏழடிக்கு ஒரு கம்பம் என்றால் 25 கம்பம். மூலைகளுக்கும் கேட்டுக்கும் தடிமனானதாகத் தனியே பொறுக்கி வையுங்கள். தரைக்கு மேல் நாலரை அடி வேண்டுமென்றால் கம்பத்தின் நீளம் ஆறரை அடி. மிச்ச இரண்டடி மண்ணுக்குள் போகும்.

முதலில் மூலைக் கம்பங்களை நட்டு, அவற்றுக்கு இடையில் நூல் கட்டி மற்ற இடங்களைக் குறியுங்கள். குழி ஒன்பது பத்து அங்குல அகலம் போதும், மம்பட்டியால் வெட்டினால் பானை வாய் மாதிரி விரிந்துவிடும். அலவாங்கால் குத்திக் குத்தி, மண்ணை ஒரு பழைய டின்னால் அள்ளுங்கள். ஓரடியில் பாறை வந்தால் மல்லுக்கட்டாமல் கம்பத்தை அரையடி தள்ளி வைத்துவிடுங்கள். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

இனி அந்த ஒரு சாண் விஷயம். கம்பத்தை நிறுத்தும் முன் குழியின் அடியில் நாலங்குலத்துக்குச் சல்லிக்கல் போட்டு இடியுங்கள். நான் இதைச் செய்யாமல் மண் மேலேயே கம்பத்தை வைத்துச் சுற்றிக் கொங்கிரீட் ஊற்றினேன், அது கோப்பை மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. கம்பத்தின் அடி முகம் கல்லில் நேரடியாக நிற்க வேண்டும், சுற்றி ஊற்றும் கொங்கிரீட் அந்த முகத்துக்குக் கீழே போய் மூடக் கூடாது. நன்றாகக் காய்ந்த கம்பமாக இருந்தால் தரை மட்டத்துக்குக் கீழே ஓரடி, மேலே அரையடி தார் பூசுங்கள். பச்சைக் கம்பத்தில் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். கொங்கிரீட் கலவைக்கு ஒரு தாச்சி சீமெந்து, இரண்டு மணல், நாலு முக்கால் அங்குலக் கல். மேல் முகத்தைத் தரைக்கு ஓரங்குலம் உயர்த்தி, கம்பத்திலிருந்து வெளியே சரிகிற மாதிரி கரண்டியால் வழித்துவிடுங்கள். காய்ந்தபின் கம்பத்துக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையில் மயிரிழை வெடிப்பு தெரியும். அதிலும் தார் விடுங்கள், இல்லாவிட்டால் பட்ட பாடு வீண்.

பழைய என்ஜின் ஒயில் பூசினால் போதும் என்பார்கள். அது மேலோடுதான் நிற்கும், இரண்டு மழைக்குக் கழுவுண்டு பக்கத்துக் கோவாப் பாத்திக்குப் போகும். எனக்கு உடன்பாடில்லை.

சரிவில் வேலி போடும்போது கம்பம் செங்குத்தாகவே நிற்க வேண்டும், சரிவுக்கு ஏற்பச் சாய்க்கக் கூடாது. கம்பி வலை என்றால் சரிவோடு போகலாம். பலகை என்றால் படி படியாக இறக்குங்கள், கீழே விழும் முக்கோண இடைவெளியைக் கல்லடுக்கி அடைக்கலாம். வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கம் குவிக்க வேண்டாம். அந்த விளிம்பில் மானாப்புல்லோ வெட்டிவேரோ நட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கம்பங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பள்ளத்தைப் பார்த்துச் சாய ஆரம்பித்தால், பக்கத்தில் நிலம் வெடித்திருந்தால், அதை வேலியின் கோளாறு என்று நினைக்காதீர்கள். மண்சரிவுக்கு முந்திய அறிகுறி அப்படித்தான் இருக்கும். உடனே வீட்டை விட்டு விலகி, கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

காட்டுப்பன்றிக்கு வலையின் கீழ் விளிம்பை அரையடி மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்தால் ஓரளவு நிற்கும். சுருக்குக் கம்பி கட்டவோ, வேலிக்குக் கரண்ட் கொடுக்கவோ கூடாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை பிழைக்கவில்லை. பன்றி வருகிற பாதையில்தான் கொழுந்துக்குப் போகிற ஆட்களும் நடக்கிறார்கள்.

காசு குறைவா? பசறை மாதிரித் தாழ்ந்த இடங்களில் மணிக்கட்டுத் தடிமனில் கிளிசரியா போத்து வெட்டி, மழை தொடங்கும்போது நட்டால் அதுவே வேலி. உயர்ந்த தோட்டங்களில் காட்டுச் சூரியகாந்தி எளிதாகப் பிடிக்கும்.

இஸ்தோப்பு

வாசலுக்கு முன்னால் எட்டடி நீளத்தில் ஒரு பலகைத் தளம், அவ்வளவுதான் திட்டம். அகலம் ஐந்தடி என்று முடிவு செய்துவிட்டுப் பலகை வாங்காதீர்கள். ஐந்தங்குலப் பலகை 12, நடுவில் கால் அங்குல இடைவெளி 11, மொத்தம் 62¾ அங்குலம். குறுக்குச் சட்டத்தை அந்த நீளத்துக்கு வெட்டினால் கடைசிப் பலகையை நெடுக அறுக்கும் தொல்லை இல்லை.

பழைய லயத்துச் சுவரில் சட்டத்தைப் போல்ட் போட்டு மாட்ட வேண்டாம். சுவர் எவ்வளவு தாங்கும் என்று தெரியாது, அந்த இடுக்கில் தண்ணீரும் புகும். தளம் தன் காலிலேயே நிற்கட்டும், சுவருக்கும் அதற்கும் ஓரங்குல இடைவெளி விடுங்கள். இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக ஆறு கொங்கிரீட் கட்டைகள், நாலடிக்கு ஒன்று. மரம் படும் முகம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தால் கீழே காற்று ஓடும். முற்றம் அவ்வளவு தாழ்வாக இல்லையென்றால் பலகையை விட்டுவிட்டுச் சீமெந்துத் தரை போடுவதே நல்லது.

கட்டைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர விலையுயர்ந்த கருவி வேண்டாம். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, குமிழ் இல்லாமல் பார்த்து, இரண்டு முனையிலும் ஆள் நின்றால் போதும். வீட்டுப் பக்கத்து வரிசையை அரை அங்குலம் உயர்த்துங்கள், தளம் வெளிப்பக்கம் சாயட்டும். முடிந்த தளம் வாசற்படியை விட இரண்டங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வரிசையின் மேலும் எட்டடியில் 4×3 அங்குல உத்திரம் ஒன்று. அவற்றின் மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஏழு 4×2 சட்டங்கள். சட்டத்தின் மேல் விளிம்பில் தார் சீட்டைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டுங்கள், திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்காமல் அது காக்கும். அறுத்த முனை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூச்சு பெயின்ட். மரம் தண்ணீரை உறிஞ்சும் வாய் அதுதான், தச்சு பாஸ்மார் பலர் இதை விட்டுவிடுவார்கள்.

காய்ந்த பலகை என்றால் 6 மில்லிமீட்டர் கம்பித் துண்டை இடையில் வைத்து இடைவெளி பிடியுங்கள். மில்லிலிருந்து நேரே வந்த ஈரப் பலகையை ஒட்டி ஒட்டி அடித்தாலே காய்ந்தபின் இடைவெளி தானாக வரும், ஆனால் மேலே சொன்ன அகலக் கணக்கு அப்போது பொருந்தாது. ஆகவே கூரைக்குக் கீழ் சில வாரம் அடுக்கிக் காயவைத்து அடிப்பதே என் கட்சி. ஒரு சந்திப்புக்கு இரண்டு வீதம் 168 திருகாணி வரும், 200 வாங்குங்கள். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரண்டரை அங்குலத் திருகாணி நமக்குப் போதும். பளபளவென்று மின்னும் மெல்லிய பூச்சுக்காரனை வாங்காதீர்கள். முதலில் ஓட்டை போட்டுவிட்டு முடுக்கினால் பலகை முனை பிளக்காது.

கூரைத் தகரம் தளத்தைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே போகட்டும். பீலி வைத்து, தண்ணீரைக் கானுக்கே கொண்டுபோய் விடுங்கள். தளத்துக்கு அடியில் விறகு அடுக்க ஆசை வரும். கறையானுக்கு அது ஏணி.

பாசி எப்படியும் பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை ஈர்க்குமாறால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டி, தாத்தா இருக்கும் வீடு என்றால் பலகை நீளத்துக்கு மெல்லிய கோடுகள் இழைத்து வாங்கினால் வழுக்கல் குறையும்.

முடித்த பிறகு வரும் முதல் பெருமழைக்குக் குடையோடு வெளியே போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் கம்பத்தடியில் குட்டை கட்டுகிறது என்று பார்த்து அந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். சோக்கட்டி கொண்டுபோனால் மழையில் எழுதாது, நான் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறேன்.