கரண்ட் போன பனி இரவில் ஒரே ஓர் அறையைக் காப்பாற்றுங்கள்

மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு, இரண்டு ராத்திரியும் நடுவில் ஒரு முழுப் பகலும் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே. வீட்டில் நான், என் கணவர், 7 வயது மகன், 78 வயது அம்மா. அன்று பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு தேடிப் படித்து உறுதி செய்துகொண்டதையும் எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்களோ குழந்தைகளோ இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

முதல் ராத்திரி, 'எப்படியும் காலைக்குள் வந்துவிடும்' என்று ஆளுக்கோர் அறையில் படுத்துவிட்டோம். விடிவதற்குள் வீடு மொத்தமும் சில்லிட்டுப் போயிருந்தது. ஹீட்டர் நின்ற பிறகு சுவரிலும் அறைக்குள்ளும் மிச்சமிருக்கும் சூடுதான் நம் கையிருப்பு. அதை வீடு முழுக்கப் பரப்பி வைத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் கரண்ட் போன முதல் மணி நேரத்திலேயே ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் அதற்குள் வந்துவிடுங்கள். சின்ன அறையாக, ஜன்னல் குறைவாக, முடிந்தால் பகலில் வெயில் விழுவதாக இருக்கட்டும். மற்ற அறைக் கதவுகளை எல்லாம் சாத்திவிடுங்கள்.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு கதவின் அடியிலும் ஜன்னல் விளிம்பிலும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இடுக்கு இருக்கும் இடத்தில் சுரீரென்று உறைக்கும். அங்கே துண்டைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். வெயில் இருக்கும்வரை திரைச்சீலை திறந்திருக்கட்டும். வெளிச்சம் மங்கியதும் மூடி, அதன்மேல் ஒரு கனமான போர்வையையும் தொங்கவிடுங்கள்.

மேலே நாலு போர்வை போர்த்தியும் குளிர்கிறது என்றால், குளிர் கீழேயிருந்து வருகிறது. வெறும் தரையில் படுக்கவே கூடாது. அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, அதன்மேல் மெத்தையைப் போட்டோம். பெரிய மேஜையின் மேல் போர்வையை நாலு பக்கமும் தொங்கவிட்டு, அதற்குள் மகனைப் படுக்க வைத்தோம். மூச்சுவிட ஒரு பக்கம் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். அந்தச் சின்னக் கூடாரத்துக்குள் மட்டும் கை வைத்தால் கதகதப்பு தெரிந்தது.

உடையைப் பொறுத்தவரை, ஒரே ஒரு தடித்த கோட்டைவிட மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போடுவதே நல்லது. தலைக்குக் குல்லா, கழுத்துக்குத் துணி. காலுறை ஈரமானால் உடனே மாற்றுங்கள். ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மது குடித்தால் சூடாகும் என்பதை நம்பாதீர்கள். தோல் சூடானதுபோல் இருக்கும், உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும்.

அப்புறம், அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் "எனக்கு ஒண்ணும் குளிரலை, நீ பிள்ளையைப் பாரு" என்றாள். நானும் நம்பினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், ஸ்வெட்டரின் ஒரு பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் திரும்பத் திரும்ப வழுக்கிக்கொண்டிருந்தன. பேச்சிலும் இழுவை. உடம்பின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. வயதானவர்களுக்குக் குளிர் ஏறுவது சரியாகத் தெரியாது. அதனால் அவர்கள் சொல்வதை மட்டும் கேட்காமல் விரலைப் பாருங்கள், பேச்சைக் கேளுங்கள், கழுத்துக்குள் கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறிவிட்டதன் அடையாளம் இல்லை, இன்னும் மோசமானதன் அடையாளம். அவசர உதவியை அழைத்துவிட்டு, ஈர உடையை மாற்றி, முதலில் மார்பையும் வயிற்றையும் போர்த்திச் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். நல்ல நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் இளஞ்சூடாக இனிப்புப் பானம் கொடுக்கலாம். நான் அம்மாவின் முதுகோடு ஒட்டிப் படுத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டேன். விரல்கள் மறுபடி சொன்னபடி கேட்க வெகுநேரம் ஆனது.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தளர்வான போர்வைக்குள் தூங்க வைக்கக் கூடாது, முகத்தை மூடிவிடும். கதகதப்பான உடையைப் போட்டு, கூடிய சீக்கிரம் சூடான இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஆக்சிஜன் கருவி போல் கரண்டை நம்பி இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: காத்திருக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இதில் மிக முக்கியம். அம்மாவை அப்படிப் பார்த்த பதற்றத்தில், இரண்டாம் ராத்திரி என் கணவர் கரி அடுப்பைப் பற்றவைத்து உள்ளே கொண்டுவந்தார். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்று இருவருமே நினைத்தோம். கரி கனன்று சிவந்திருந்தது, புகையே இல்லை. கொஞ்ச நேரத்தில் மகன் "தலை வலிக்குதும்மா" என்று மடியில் சாய்ந்தான். எனக்கும் நெற்றி கனத்தது, களைப்பு என்று நினைத்தேன். அப்போது வராந்தாச் சுவரில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பனியில் போய் நின்றோம். அது பேட்டரியில் ஓடும் அலாரம். கரண்டில் மட்டும் ஓடுவதாக இருந்திருந்தால் அன்று ஒலித்திருக்காது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கம் என்று காய்ச்சல் வருவதுபோல்தான் ஆரம்பிக்கும். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு அப்படி இருந்தால் யோசிக்காமல் வெளியேறி, அங்கிருந்தே உதவிக்கு அழையுங்கள். கரி அடுப்பு எந்த நிலையிலும் உள்ளே வரக் கூடாது, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது. குளிர்காய்வதற்காகக் கேஸ் அடுப்பையோ ஓவனையோ எரியவிடாதீர்கள். கார் ஷெட்டுக்குள் காரை ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும்தான். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி இருக்க வேண்டும். அதை வீட்டு பிளக்கில் நேரடியாகச் செருகவும் கூடாது. கரண்ட் வெளிக் கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, அங்கே வேலை செய்யும் ஊழியரின் உயிர் போய்விடும்.

ஒழுங்காகச் சுத்தம் செய்த புகைபோக்கியுள்ள கணப்பு இருந்தால் மூட்டலாம். துணியும் படுக்கையும் ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும், யாராவது ஒருவர் விழித்திருக்கட்டும். வெளிச்சத்துக்கு டார்ச் போதும். போர்வைகள் குவிந்து கிடக்கும் அறையில் மெழுகுவர்த்தி வேண்டாம்.

தண்ணீர்க் குழாயை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் வெடித்துவிடும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டுவையுங்கள். சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம்.

பெரிய மின்சாதனங்களின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு விளக்கின் ஸ்விட்சை மட்டும் போட்டு வையுங்கள். கரண்ட் வந்தது அதில் தெரியும். வந்ததும் முதலில் ஹீட்டர், மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிறகு. உடனே அறையைக் கலைத்துவிடாதீர்கள். சில்லிட்ட சுவர்கள் சூடேற நேரமாகும். அம்மாவின் கட்டில் அடுத்த ராத்திரியும் எங்களோடு அதே அறையில்தான் இருந்தது.